கோவிட்-19 பெருந்தொற்றுக்குப் பிந்தைய மக்கள் உளநலம்

கோவிட்-19 பெருந்தொற்றுக்குப் பிந்தைய மக்கள் உளநலம் என்பது, அந்நோயும் அதனையொட்டி வந்த ஊரடங்கு, பள்ளி மூடல், வேலையிழப்பு, சடங்கின்றி நடந்த இறுதி நிகழ்வுகள் முதலியனவும் பொதுமக்களின் மனநிலையில் ஏற்படுத்திய மாற்றங்களையும், அவற்றுள் எவை மறைந்தன, எவை நிலைத்தன என்பதையும் குறிக்கும். இது உளமருத்துவம், பொதுச் சுகாதாரம், சமூகவியல், பொருளியல் ஆகிய துறைகள் ஒன்றையொன்று சந்திக்கும் ஓர் ஆய்வுப் பொருளாகும்.

உலக சுகாதார அமைப்பு இந்நோயை 2020 சனவரி 30 அன்று பன்னாட்டுப் பொதுச் சுகாதார நெருக்கடியாக அறிவித்தது. 2020 மார்ச் 11 அன்று இதனைப் பெருந்தொற்று எனக் குறிப்பிட்டது. நெருக்கடி நிலை முடிவுக்கு வந்ததாக 2023 மே 5 அன்று அறிவிக்கப்பட்டது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் வழக்கமாக எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கையைவிட ஏறத்தாழ 1 கோடியே 49 இலட்சம் பேர் கூடுதலாக இறந்தனர் என்பது அவ்வமைப்பின் மதிப்பீடு. மருத்துவப் பணியாளர்களின் உளநலம் தனியாக ஆராயப்படும் விரிவான பொருளாதலால், இக்கட்டுரை பொதுமக்களைப் பற்றி மட்டுமே கூறுகிறது.

சொற்கள்

ஒரு நோய் ஓர் ஊரிலோ நாட்டிலோ வழக்கத்தை மீறிப் பரவும்போது கொள்ளைநோய் எனப்படுகிறது. அது பல நாடுகளையும் கண்டங்களையும் கடக்கும்போது உலகம்பரவுநோய் அல்லது பெருந்தொற்று எனப்படுகிறது. 2020-க்குப் பின் செய்தித்தாள்கள் 'பெருந்தொற்று' என்பதையே பெரிதும் வழங்கியதால் இங்கும் அச்சொல்லே ஆளப்படுகிறது.

மனம் சார்ந்த சொற்களில் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் வேறுபாடு உண்டு. தமிழகத்தில் 'பதற்றம்' எனப்படுவது இலங்கையில் 'பதகளிப்பு' எனப்படுகிறது. பேரிடர், போர், கடும் நோய் போன்றவற்றின் நினைவு திரும்பத் திரும்ப வந்து வருத்தும் நிலையை இலங்கைத் தமிழ் மருத்துவர்கள் 'நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்' என்று அழைக்கின்றனர். மூன்று பத்தாண்டுகள் போரைக் கண்ட மண்ணில் இச்சொல் உருவானதில் வியப்பில்லை. 'மனச்சோர்வு' என்ற சொல் இரு நாடுகளிலும் பொதுவாக உள்ளது. எனினும் அன்றாடப் பேச்சில் ஒருநாள் வாட்டத்தைக்கூட 'டிப்ரசன்' என்று கூறும் வழக்கம் பரவியுள்ளது. மருத்துவத்தில் மனச்சோர்வு நோய் என்று கூற வேண்டுமாயின், குறைந்தது இரண்டு வாரங்கள், நாளின் பெரும்பகுதி, துயரமோ எதிலும் நாட்டமின்மையோ நீடித்திருக்க வேண்டும். அத்துடன் தூக்கம், பசி, கவனம் போன்றவை கெட்டு அன்றாட வாழ்வு பாதிக்கப்பட்டிருக்கவும் வேண்டும். இவ்வேறுபாடு பின்வரும் எண்களைப் புரிந்துகொள்வதற்கு இன்றியமையாதது.

முந்தைய நோய்களின் அனுபவம்

1918-ஆம் ஆண்டின் இன்புளுவென்சாப் பெருந்தொற்றில் இந்தியாவில் மட்டும் 1.2 கோடி முதல் 2 கோடி வரையிலானோர் இறந்திருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. அக்காலத்தில் மக்களின் மனநிலையை அளக்கும் வினாத்தாள்கள் இல்லை. எனவே மருத்துவமனைப் பதிவேடுகளையும் இறப்புப் பதிவேடுகளையும் கொண்டே அன்றைய நிலையை ஊகிக்க வேண்டியுள்ளது. அமெரிக்க உளமருத்துவர் கார்ல் மெனிஞ்சர், பாஸ்டன் உளமருத்துவமனையில் இன்புளுவென்சாவை ஒட்டி மனநோய் கண்ட 100 நோயாளிகளைப் பற்றி 1919-இல் எழுதினார். நோர்வே நாட்டின் மனநோய் மருத்துவமனைகளின் பழைய பதிவேடுகளை ஆராய்ந்த சுவென்-எரிக் மாமெலுண்ட், இன்புளுவென்சாவால் ஏற்பட்டதாகக் குறிக்கப்பட்ட மனநோய்க்காக முதன்முறை சேர்க்கப்பட்டோரின் எண்ணிக்கை, 1918-க்குப் பிந்தைய ஆறு ஆண்டுகளில் சராசரியாக ஆண்டுக்கு 7.2 மடங்காக இருந்ததைக் கண்டறிந்தார். நோய் ஓய்ந்த பின்னரும் ஆறு ஆண்டுகள் என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. அதே காலத்தில் பரவிய உறக்க மூளையழற்சி என்னும் விந்தையான நோயையும் இன்புளுவென்சாவோடு பலர் தொடர்புபடுத்தினர்; அத்தொடர்பு இன்றுவரை நிறுவப்படவில்லை.

2003-இல் பரவிய சார்ஸ் நோய் சிறியது. உலகெங்கும் 8,096 பேருக்கே தொற்றியது, 774 பேர் இறந்தனர். ஆங்காங்கில் மட்டும் 1,755 பேர் நோயுற்றனர், 299 பேர் மாண்டனர். ஆனால் சிறிய நகரம், நல்ல பதிவேடுகள், வலுவான பல்கலைக்கழகங்கள் ஆகியவை ஒருசேர அமைந்ததால், தொற்றுநோய்க்குப் பிந்தைய உளநலம் பற்றிய தெளிவான சான்றுகள் அங்கிருந்து கிடைத்தன. 65 வயதைக் கடந்தோரிடையே தற்கொலை வீதம் 2002-இல் இலட்சத்துக்கு 28.44 ஆக இருந்தது, 2003-இல் 37.46 ஆக உயர்ந்தது. நோயைவிடப் பிள்ளைகளும் உறவினரும் வந்து பார்க்காமல் போனதும், பிறருக்குச் சுமையாகிவிடுவோம் என்ற அச்சமும் அம்முதியோரை வாட்டியதாக ஆய்வாளர்கள் கருதினர். நோயிலிருந்து மீண்டோரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், 30 மாதங்களுக்குப் பின்னும் நால்வரில் ஒருவருக்கு மனவடு நோய் இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து 233 பேரிடம் நடத்திய மற்றோர் ஆய்வில், 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஓர் உளநோயுடன் வாழ்ந்தனர். ஏறத்தாழ அதே அளவினர் நீங்காத களைப்பையும் கூறினர். கோவிட்-19 தொடங்கியபோது இந்த ஆய்வுகள் அனைத்தும் அச்சில் இருந்தன. அவற்றை எடுத்துப் படித்த அரசுகள் மிகச் சிலவே.

பாதிப்பு எவ்வளவு

இவ்வினாவுக்கு இரண்டு விடைகள் வழங்குகின்றன. இரண்டும் மதிப்புமிக்க ஆய்வுகளிலிருந்து வந்தவை. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று முரணானவை.

முதல் விடை பரவலாக அறியப்பட்டது. 2021-இல் லான்செட் இதழில் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி, 2020-ஆம் ஆண்டில் மட்டும் பெருந்தொற்றின் காரணமாகக் கூடுதலாக 5 கோடியே 32 இலட்சம் பேருக்கு மனச்சோர்வு நோயும், 7 கோடியே 62 இலட்சம் பேருக்குப் பதற்ற நோயும் ஏற்பட்டன. விழுக்காட்டில் முறையே 27.6, 25.6 உயர்வு. உலக சுகாதார அமைப்பு 2022 மார்ச்சில் இதனைச் சுருக்கி '25 விழுக்காடு உயர்வு' என்று அறிவித்தது. பாதிப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கும், முதியோரைவிட இளையோருக்கும் கூடுதல் என்றும் அவ்வாய்வு கூறியது.

இரண்டாவது விடை 2023-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியானது. ஒரே மக்கள் குழுவைப் பெருந்தொற்றுக்கு முன்னும் பின்னும் அளந்த ஆய்வுகளை மட்டும் அது தொகுத்தது. அவ்வாறு கிடைத்த 134 குழுக்களை ஒப்பிட்டபோது, பொதுமக்களின் உளநலத்தில் சராசரியாகப் பெரிய மாற்றம் ஏதும் தென்படவில்லை. பெண்களிடம் சிறிதளவு சரிவு காணப்பட்டது.

இவ்விரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியுமா? அளவீட்டு முறையை நோக்கினால், பெருமளவுக்கு முடியும். முதலாவது மதிப்பீடு ஒரு கணித மாதிரியைச் சார்ந்தது. தரவு கிடைத்த நாடுகளில் நோய்ப் பரவலுக்கும் மக்கள் நடமாட்டக் குறைவுக்கும் உளநோய்க்கும் உள்ள தொடர்பைக் கணித்து, தரவே இல்லாத நாடுகளுக்கும் அது நீட்டப்பட்டது. இரண்டாவது தொகுப்பில் நேரடி அளவீடுகளே உள்ளன. ஆனால் அவற்றுள் பெரும்பான்மையானவை செல்வந்த நாடுகளைச் சேர்ந்தவை. சம்பளம் நின்றால் அடுத்த வேளை உணவு நின்றுவிடும் மக்களைப் பற்றி அவை அதிகம் கூறவில்லை.

காலமும் ஒரு காரணம். ஐக்கிய இராச்சியத்தில் ஒரு பெரிய குடும்ப ஆய்வின்படி, குறிப்பிடத்தக்க மன உளைச்சல் உடையோர் 2018-19-இல் 18.9 விழுக்காடாக இருந்தனர், 2020 ஏப்பிரலில் 27.3 விழுக்காடாயினர். ஊரடங்கு தொடங்கி ஒரு மாதமே ஆகியிருந்த நேரம் அது. அதே மக்களை அக்டோபர் வரை தொடர்ந்து கவனித்தபோது, 39.3 விழுக்காட்டினர் தொடக்கம் முதலே மிக நல்ல நிலையிலும், 37.5 விழுக்காட்டினர் நல்ல நிலையிலும் இருந்தமை தெரியவந்தது. 12 விழுக்காட்டினர் முதலில் சரிந்து பின் மீண்டனர். எஞ்சியோருள் 7 விழுக்காட்டினர் படிப்படியாகச் சரிந்துகொண்டே சென்றனர், 4.1 விழுக்காட்டினர் இடைவிடாது மிக மோசமான நிலையில் இருந்தனர். இவ்விறுதி இரு பிரிவிலும் ஏற்கெனவே நோய் உடையோர், வறிய பகுதிகளில் வாழ்வோர், சிறுபான்மை இனத்தோர் ஆகியோர் கூடுதலாகக் காணப்பட்டனர். சராசரியைக் கணக்கிடும்போது நலமாக இருந்த பெரும்பான்மையினர், சரிந்த 11 விழுக்காட்டினரை மறைத்துவிடுகின்றனர். மக்கள்தொகை முழுவதையும் நோக்க 11 விழுக்காடு என்பது பல இலட்சக்கணக்கான மனிதர்களாகும்.

வினாத்தாளின் வடிவமைப்பையும் கருத வேண்டும். மேற்கண்ட ஆய்வில் பயன்பட்ட பன்னிரு வினாப் படிவம், 'வழக்கத்தைவிட' நன்றாகத் தூங்குகிறீர்களா, 'வழக்கத்தைவிட' மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்ற முறையில் கேட்கிறது. 2020 ஏப்பிரலில் ஏறக்குறைய எவரும் 'இல்லை' என்றே கூறியிருப்பர். அது நோயன்று, சூழலுக்கேற்ற இயல்பான எதிர்வினை. ஓராண்டு கழிந்தபின் துன்பமே வழக்கமாகிவிட்ட ஒருவர் 'வழக்கம்போல்தான்' என்று கூறக்கூடும்; அப்போது அவர் மீண்டவராகக் கணக்கிடப்படுவார். இக்குறை ஆய்வாளர்களுக்குத் தெரிந்ததே. எனினும் செய்தித் தலைப்புகளில் அது இடம்பெறுவதில்லை.

தற்கொலைகள்

பெருந்தொற்றின் தொடக்கத்தில் தற்கொலைகள் பெருகும் என்ற அச்சம் பரவலாக இருந்தது. 21 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து 2021-இல் வெளியான கட்டுரை, 2020 ஏப்பிரல் முதல் சூலை வரையிலான மாதங்களில் எங்கும் பொதுவான உயர்வு இல்லை என்றும், சில இடங்களில் குறைவும் காணப்பட்டது என்றும் தெரிவித்தது. பேரிடரின் முதற்கட்டத்தில் மக்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வதும், அரசு உதவிகள் உடனடியாகக் கிடைத்ததும் இதற்குக் காரணமாகக் கூறப்பட்டன. ஆனால் அந்த 21 நாடுகளும் உயர் வருவாய் அல்லது உயர்-நடுத்தர வருவாய் நாடுகள். இந்தியாவும் இலங்கையும் அதில் இல்லை.

பின்னர் நடந்ததை அறியச் சப்பான் சிறந்த எடுத்துக்காட்டு. அந்நாட்டில் மாதந்தோறும் புள்ளிவிவரம் வெளியாகிறது. முதல் அலையின்போது, 2020 பிப்ரவரி முதல் சூன் வரை, தற்கொலைகள் 14 விழுக்காடு குறைந்தன. சூலை முதல் அக்டோபர் வரையில் 16 விழுக்காடு கூடின. அவ்வுயர்வு பெண்களிடையே 37 விழுக்காடாகவும், சிறுவர்-பதின்ம வயதினரிடையே 49 விழுக்காடாகவும் இருந்தது. 2020-ஆம் ஆண்டின் மொத்த எண்ணிக்கை 21,081. அதற்கு முந்தைய ஆண்டு 20,169. பத்தாண்டுகளாகத் தொடர்ந்து குறைந்துவந்த எண்ணிக்கை அவ்வாண்டில்தான் முதன்முறையாக உயர்ந்தது. ஆண்களின் எண்ணிக்கை சற்றே குறைந்தது என்பதால், அவ்வுயர்வு முழுவதும் பெண்களுடையதே. உணவகம், விடுதி, கடை போன்ற இடங்களில் நிரந்தரமற்ற பணியில் இருந்தோருள் பெண்களே மிகுதி. முதலில் மூடப்பட்டவையும் அவையே. பள்ளிகள் மூடியதால் வீட்டு வேலையும் அவர்கள் மீது விழுந்தது. 2021 பிப்ரவரியில் சப்பான் அரசு தனிமை, ஒதுங்கிவாழ்தல் ஆகியவற்றுக்கென ஓர் அமைச்சரை நியமித்தது. இதற்கான தனிச் சட்டம் 2024 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்தது. மொத்த எண்ணிக்கை 2024-இல் 20,320 ஆகக் குறைந்தது. ஆனால் பள்ளி மாணவரின் எண்ணிக்கை குறையவில்லை. 2020-இல் 499 ஆக இருந்தது 2024-இல் 529 ஆனது. பதிவுகளில் இதுவே அதுவரையிலான உச்சம்.

இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2019-இல் 1,39,123 பேரும், 2020-இல் 1,53,052 பேரும், 2021-இல் 1,64,033 பேரும், 2022-இல் 1,70,924 பேரும் தற்கொலையால் இறந்தனர். தமிழ்நாட்டில் இவ்வெண்ணிக்கை 2019-இல் 13,493, 2022-இல் 19,834. மூன்று ஆண்டுகளில் நாட்டின் உயர்வு ஏறத்தாழ 23 விழுக்காடு, தமிழ்நாட்டின் உயர்வு ஏறத்தாழ 47 விழுக்காடு. 2021-இல் இறந்தோருள் 42,004 பேர், அதாவது நால்வரில் ஒருவர், தினக்கூலித் தொழிலாளர். இவை காவல்துறைப் பதிவுகளிலிருந்து பெறப்படுபவை என்பதால் உண்மை எண்ணிக்கை இதனினும் மிகுதியாக இருக்கக்கூடும். மேலும் இவ்வுயர்வு முழுவதற்கும் பெருந்தொற்றே காரணம் என்று இப்பட்டியல்களைக் கொண்டு கூறவும் இயலாது. எனினும் நான்கு மணி நேர முன்னறிவிப்புடன் 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய ஊரடங்கு, நாட்கூலியை நம்பியிருந்தோரின் வருவாயை ஒரே இரவில் நிறுத்தியது என்பதை மறந்து இவ்வெண்களைப் படிக்க முடியாது. தற்கொலை என்பதைத் தனிமனிதரின் மனநோயாக மட்டும் கருதுவது போதாது என்பதற்குச் சப்பானும் இந்தியாவும் இருவேறு கோணங்களில் சான்று தருகின்றன.

துயரமும் சடங்கும்

அமெரிக்காவில் நடந்த ஒரு கணிப்பின்படி, கோவிட்-19 இறப்பு ஒவ்வொன்றும் சராசரியாக ஒன்பது நெருங்கிய உறவினரைத் துயரில் ஆழ்த்தியது. கூட்டுக் குடும்ப உறவுகள் வலுவாக உள்ள நாடுகளில் இவ்வெண் கூடுதலாகவே இருக்கும் என எதிர்பார்க்கலாம். 2022 மே வரையில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 5 இலட்சம் சிறுவர்கள் பெற்றோரையோ தம்மை வளர்த்தவரையோ இழந்ததாக மற்றொரு மதிப்பீடு கூறுகிறது. பெற்றோர் இருவரையும் இழந்த சிறுவர்களுக்குத் தலா 5 இலட்சம் ரூபாய் வைப்பு வைக்கப்படும் எனத் தமிழ்நாடு அரசு 2021 மே மாதத்தில் அறிவித்தது.

துயரத்தை ஆற்றுவதற்கு ஒவ்வொரு சமூகமும் வழிகளை வைத்திருக்கிறது. ஒப்பாரி, துக்கம் விசாரித்தல், பதினாறாம் நாள் கருமாதி, யாழ்ப்பாணத்தின் எட்டுச்செலவு, அந்தியேட்டி ஆகியவை சமயச் சடங்குகளாகவே கருதப்படினும், அவற்றின் பயன் சமயத்தோடு நிற்பதில்லை. இறப்பு உண்மையிலேயே நிகழ்ந்தது என்பதை மனம் ஏற்பதற்கும், துயருற்றவர் தனியே விடப்படாமல் இருப்பதற்கும் அவை கால அட்டவணை ஒன்றை வகுத்துத் தருகின்றன. உடலைப் பார்க்காமல், தொடாமல், நெகிழிப் பையில் சுற்றப்பட்டு எடுத்துச் செல்லப்பட்டதைத் தொலைவிலிருந்து கண்டோருக்கு இந்த அட்டவணை முழுவதும் இல்லாமல் போனது.

சில இடங்களில் துயரத்தின்மீது இழிவும் சேர்ந்தது. 2020 ஏப்பிரலில் சென்னையில் தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தாக்குதல் நடத்தியது. அதன்பின் அடக்கத்தைத் தடுப்போருக்குத் தண்டனை வழங்கும் அவசரச் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. இலங்கையில் தொற்றால் இறந்த அனைவரின் உடல்களும் எரிக்கப்பட வேண்டும் என 2020-இல் விதிக்கப்பட்டது. அடக்கம் செய்வதால் நோய் பரவும் என்பதற்குச் சான்று இல்லை என்று மருத்துவ அறிஞர்கள் கூறியும் 2021 பிப்ரவரி இறுதி வரை விதி நீடித்தது. எரித்தலைச் சமயம் ஏற்காத முசுலிம் குடும்பங்களுக்கு, இழப்பைவிட அவ்விழப்பு நிகழ்ந்த விதமே ஆறாத வடுவாயிற்று. விதி தளர்ந்தபின் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டது. 2024 சூலையில் இலங்கை அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோர முடிவெடுத்தது.

நீடித்த துயர நோய் என்பதை மருத்துவ வகைப்பாடுகள் ஏற்றுக்கொண்டதும் இக்காலத்தில்தான். 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பிலும், அதே ஆண்டு மார்ச்சில் வந்த அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் திருத்தத்திலும் இது இடம்பெற்றது. முன்னது ஆறு மாதங்களையும் பின்னது பெரியவர்களுக்கு ஓராண்டையும் எல்லையாகக் கொள்கின்றன. துயரத்தை நோயாக்குவது சரியா என்ற விவாதம் இதனால் எழுந்தது. பண்பாட்டுக்குப் பண்பாடு துக்கக் காலம் வேறுபடும் என்பதால், அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தை மீறிய துயரமே நோயாகக் கருதப்படும் என்று இரு வகைப்பாடுகளும் குறிப்பிடுகின்றன.

நோயிலிருந்து மீண்டோர்

தொற்றுக்கு உள்ளானவர்களின் நிலை பொதுமக்களின் நிலையிலிருந்து வேறுபடுகிறது. 2,36,379 நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வில், மூவரில் ஒருவருக்கு ஆறு மாதங்களுக்குள் ஏதேனும் ஒரு நரம்பு நோயோ உளநோயோ பதிவாகியிருந்தது. பதற்ற நோய்களே இவற்றுள் மிகுதி. அதே குழுவினர் 2022-இல் வெளியிட்ட இரண்டாண்டுத் தொடராய்வு கூடுதல் தெளிவைத் தந்தது. மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றின் கூடுதல் இடர் ஓரிரு மாதங்களில் தணிந்து, பிற சுவாச நோய் கண்டோரின் அளவுக்கே வந்துவிட்டது. ஆனால் நினைவு, கவனம் ஆகியவற்றின் குறைபாடு, முதியோரிடையே மறதிநோய், உளப்பிறழ்வு, வலிப்பு ஆகியவற்றின் இடர் இரண்டு ஆண்டுகள் கழிந்தும் குறையவில்லை. 'மூளையில் மூடுபனி' என்று பலர் விவரித்த நிலை வெறும் கற்பனையன்று என்பதற்கு இது ஆதரவாக உள்ளது. இதற்கான காரணங்களாக நோயெதிர்ப்பு அழற்சி, நுண்குருதிக் குழாய்ப் பாதிப்பு முதலியன ஆராயப்பட்டு வருகின்றன.

மீண்டோரைச் சுற்றியிருந்தோர் நடத்திய விதமும் மனத்தைப் பாதித்தது. இந்தியாவில் பல நகரங்களில் தொற்றுள்ள வீடுகளின் வாயிலில் அறிவிப்புகள் ஒட்டப்பட்டன. சென்னையில் தகரத் தடுப்புகளும் வைக்கப்பட்டன. தக்க அதிகாரியின் ஆணை இன்றி இத்தகைய அறிவிப்புகளை ஒட்டக்கூடாது என 2020 திசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. தடுப்புகள் அகற்றப்பட்ட பின்னும் அண்டை வீட்டாரின் பார்வை உடனடியாக மாறிவிடவில்லை.

சிறாரும் இளையோரும்

நோயால் இறக்கும் வாய்ப்பு மிகக் குறைவாக இருந்த இவ்வயதினரே உளநலத்தில் மிகுதியாக இழந்தனர் என்பது பல நாடுகளின் அனுபவம். இங்கிலாந்தில் உளநோய் இருக்கக்கூடும் எனக் கணிக்கப்பட்ட சிறுவர்கள் 2017-இல் ஒன்பது பேரில் ஒருவராக இருந்தனர். 2020-இல் ஆறு பேரில் ஒருவராயினர். 2023 ஆய்விலும் அந்நிலை பழைய அளவுக்குத் திரும்பவில்லை. ஆயினும் பதின்ம வயதினரின், குறிப்பாகச் சிறுமியரின் உளநலம் 2010-களிலேயே பல மேலை நாடுகளில் சரியத் தொடங்கிவிட்டது. எனவே பெருந்தொற்று புதிதாக ஒன்றைத் தொடங்கியது என்பதைவிட, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒன்றை விரைவுபடுத்தியது என்று கூறுவதே பொருந்தும்.

இந்தியாவில் பள்ளிகள் முழுமையாகவோ பகுதியாகவோ 82 வாரங்கள் மூடப்பட்டிருந்ததாக யுனெசுகோ பதிவு செய்துள்ளது. பள்ளி என்பது பாடத்துக்கான இடம் மட்டுமன்று. சத்துணவு, தோழமை, வீட்டில் நடக்கும் கொடுமையைக் கவனிக்கக்கூடிய ஆசிரியர் ஆகியவையும் அங்குதான் கிடைக்கின்றன. ஊரடங்கின்போது வீடுகளில் பெண்கள் மீதான வன்முறை கூடியதை ஐக்கிய நாடுகள் பெண்கள் அமைப்பு 'நிழல் பெருந்தொற்று' என்று அழைத்தது. அவ்வீடுகளில் சிறுவர்களும் அடைபட்டிருந்தனர். கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கப்பட்டது. தெருவிலேயே தன்னார்வலர் ஒருவரிடம் மாலையில் பிள்ளைகள் கூடிப் பாடியும் விளையாடியும் கற்றமை, அத்திட்டத்தின் நோக்கத்தில் எழுதப்படாத ஓர் உளநலப் பயனையும் தந்திருக்கக்கூடும்.

மருத்துவ வசதியும் எதிர்வினையும்

தேவை கூடிய அதே நேரத்தில் சேவை குறைந்தது. 130 நாடுகளில் உலக சுகாதார அமைப்பு நடத்தி 2020 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வில், 93 விழுக்காட்டு நாடுகளில் உளநலச் சேவைகள் தடைபட்டிருந்தன அல்லது நின்றிருந்தன. அரசுகள் தம் சுகாதாரச் செலவில் சராசரியாக 2 விழுக்காட்டளவே உளநலத்துக்கு ஒதுக்குகின்றன. இந்தியாவில் 2015-16-இல் நடந்த தேசிய உளநல ஆய்வின்படி வயது வந்தோருள் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஓர் உளநோய் இருந்தது. நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை. இது பெருந்தொற்றுக்கு முந்தைய நிலை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

உளமருத்துவர்களின் எண்ணிக்கையைச் சில ஆண்டுகளில் பன்மடங்காக்க எந்த நாட்டாலும் இயலாது. எனவே மருத்துவரல்லாதோரைப் பயிற்றுவிக்கும் முறைகள் கவனம் பெற்றன. சிம்பாப்வேயில் உளமருத்துவர் டிக்சன் சிபண்டா 2006-இல் தொடங்கிய 'நட்பு இருக்கை' இவற்றுள் புகழ்பெற்றது. சுகாதார நிலையத்தின் வெளியே மரத்தடியில் ஓர் இருக்கை, அதில் பயிற்சி பெற்ற ஒரு மூதாட்டி, அவ்வளவே. நாடி வருவோரின் சிக்கல்களைக் கேட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைத் தீர்க்கும் வழியைச் சேர்ந்து ஆராய்வதே முறை. மனச்சோர்வு என்ற சொல்லுக்குப் பதிலாகச் சோனா மொழியில் 'மிகுதியாகச் சிந்தித்தல்' எனப் பொருள்படும் 'குபுங்கிசிசா' என்ற மக்கள் சொல்லே பயன்படுகிறது. 573 பேரைக் கொண்டு நடத்தி 2016-இல் வெளியிடப்பட்ட சோதனையில், ஆறு மாதங்களுக்குப் பின் நோய் அறிகுறிகள் வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தன.

பேரிடர் முடிந்தவுடன் அனைவரையும் அமரவைத்து நடந்ததை விவரிக்கச் சொல்வது நல்லது என்ற கருத்து முன்பு இருந்தது. அது பயனற்றது, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்பதால் உலக சுகாதார அமைப்பு அதனைப் பரிந்துரைப்பதில்லை. மாறாக 2011-இல் வெளியிடப்பட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்ற மூன்று செயல்களை முன்வைக்கிறது. பாதுகாப்பும் உடனடித் தேவையும் எவை எனப் பார்ப்பது, பேச விரும்புவோரை வற்புறுத்தாமல் கேட்பது, உதவி கிடைக்கும் இடங்களோடு அவர்களை இணைப்பது என்பவையே அவை.

பேரிடர் ஒன்று நிலையான வசதிகளை விட்டுச் செல்லவும் கூடும் என்பதற்கு இலங்கையே சான்று. 2004 ஆழிப்பேரலைக்கு முன் அந்நாட்டின் சுகாதார மாவட்டங்களுள் 10-இல் மட்டுமே உளநல வசதிகள் இருந்தன. பேரலைக்குப் பின் வந்த கவனத்தையும் நிதியையும் பயன்படுத்தி, 2013 அளவில் 27-இல் 20 மாவட்டங்களுக்கு அவை விரிவாக்கப்பட்டன. கோவிட்-19-க்குப் பின் இந்தியா எடுத்த முதன்மையான நடவடிக்கை 'டெலி-மானசு' என்னும் தொலைபேசி வழிச் சேவை. 2022-ஆம் ஆண்டு வரவு-செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டு, அதே ஆண்டு அக்டோபர் 10 அன்று, உலக உளநல நாளில், தொடங்கப்பட்டது. பெங்களூரிலுள்ள தேசிய உளநல நரம்பியல் கழகம் இதன் தலைமை மையம். தொலைபேசியில் கேட்போர் அழைப்பவரை மாவட்ட மருத்துவமனையில் உள்ள மருத்துவரிடம் அனுப்பலாம். அங்கு மருத்துவர் பணியிடம் நிரப்பப்பட்டிருந்தால்தான் அச்சங்கிலி முழுமையடையும்.

உதவி பெறுதல்

மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ உள்ளோர், அல்லது அவர்களைப் பற்றிக் கவலை கொண்டோர், இந்தியாவில் 14416 என்ற எண்ணில் டெலி-மானசு சேவையைக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கிறது. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண் 1926 ஆகும்.